வளவு வேலைக்குக் கைமாற்று: ஐந்து வீடு சேர்ந்து செய்யும் முறை

அவசரத்துக்கு ஒரு சுண்டு சீனி, இரண்டு தேங்காய், ஐந்நூறு ரூபாய் என்று பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்காதவர் எங்கள் பக்கம் யாரும் இல்லை. வட்டி கிடையாது, எழுத்து கிடையாது, திருப்பிக் கொடுத்தால் சரி. வேலையை மட்டும் ஏனோ அப்படிக் கேட்கக் கூசுகிறோம். வேலி சாய்ந்து கிடக்கும், கிணற்றடியில் பற்றை வளர்ந்திருக்கும், கூலிக்கு ஆள் தேடுவோம். வெள்ளாமை வேலை தொடங்கிவிட்டால் ஆளும் கிடைக்காது.

எங்கள் ஒழுங்கை இலங்கையின் கிழக்கில், கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் இருக்கிறது. கடற்கரைப் பக்கம், ஐந்து வீடு, ஐந்தும் மணல் வளவு (வீட்டைச் சுற்றிய காணி). ஒரு வீட்டில் பிள்ளைகள் கத்தாரில், பெத்தா (பாட்டி) மட்டும் தனியே. இரண்டு வீட்டில் கணவன் மனைவி இருவரும் உத்தியோகம். வடக்கு முனையில் மருதமுனையிலிருந்து வந்து காணி வாங்கிய முஸ்லிம் குடும்பம், அந்த வீட்டுக்காரரைக் காக்கா (அண்ணன்) என்போம். மற்றது நாங்கள். 2022 இல் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்களே, அப்போதுதான் இதைத் தொடங்கினோம். லீவு இருந்தது. பெற்றோல் இல்லை, உரம் இல்லை, எங்களில் பாதிப்பேருக்கு மண்வெட்டி பிடித்த பழக்கமும் இல்லை.

முதல் நாளே குழம்பியது. பெத்தாவின் வளவைத் துப்புரவாக்குவோம் என்று பொதுவாகச் சொல்லி இறங்கினோம். எது பற்றை, எது பயிர் என்று யாரும் கேட்கவில்லை. வேலியோரம் அவர் மூன்று வருடமாக வளர்த்த தூதுவளை முழுவதையும் வேரோடு பிடுங்கிக் குவித்துவிட்டேன். முள்ளாக இருந்தது, பற்றை என்று நினைத்தேன். பெத்தா ஒன்றும் சொல்லவில்லை. குவியலைக் கிளறி, வேர் காயாத நான்கு தண்டை எடுத்துக்கொண்டு போய் ஈரச்சாக்கில் சுற்றி வைத்தார். அந்த நான்கு தண்டிலிருந்துதான் இந்த வழிகாட்டியில் உள்ள பாதி விதிகள் வந்தன.

கேட்கும் விதம்

"வளவைக் கொஞ்சம் பாத்துத் தாங்க" என்று கேட்டால் யாருக்கும் பயம் வரும். எப்போது முடியும் என்று தெரியாத வேலை அது. கேட்கும்போதே மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு நேரம், எதைக் கொண்டுவர வேண்டும்.

"காக்கா, சனிக்கிழம சுபஹுக்குப் பிறகு பத்து மணி மட்டும் வரலாமா? கிணத்தடில ஒரு தென்னம்பிள்ளைக் குழி வெட்டணும். உங்கட அலவாங்கையும் கொண்டு வாங்க." இப்படிக் கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது சுகம். இல்லை என்று சொல்லவும் இடம் கொடுங்கள். முகத்துக்காக வருகிறவர் ஒன்பது மணிக்கே போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

தனியே இருக்கும் வயதானவர்களிடம் முறையை மாற்ற வேண்டும். "நாங்க வந்து செஞ்சு தாறம்" என்றால், "வேணாம் மனே, நான் பாத்துக்கிறன்" என்றுதான் பதில் வரும். ஆகவே முதலில் அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள். நாங்கள் பெத்தாவிடம் நாற்றுக் கேட்டோம். பழைய தயிர்ச் சட்டிகளின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் காய்ந்த மாட்டெருவும் கலந்து, கத்தரியும் மிளகாயும் போட்டார். நான்கைந்து கிழமையில் ஐந்து வீட்டுக்கும் நாற்று வந்தது. அதற்குப் பிறகு அவர் வேலிக்கு ஆள் கேட்கத் தயங்கியதே இல்லை. "மறுகா எப்ப வாறீங்க?" என்று அவரே கேட்பார்.

எந்த வேலைக்குச் சேரலாம், எதற்குக் கூடாது

ஒரு பின்நேரம் எல்லோருமாக ஐந்து வளவையும் சுற்றிப் பாருங்கள். கையில் ஒரு கொப்பி இருக்கட்டும்.

பல கை சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைதான் கைமாற்றுக்குப் பொருத்தம்: வேலி அடைத்தல், கதியால் (வேலிக்கு நடும் உயிர்க்கம்பு) நடுதல், தென்னம்பிள்ளைக் குழி, கூட்டெருக் குவியல், வடிகால், ஒரு டிராக்டர் பெட்டி எருவைப் பங்கு போட்டுச் சுமத்தல். தினமும் தண்ணீர் ஊற்றுவதையும் களை பிடுங்குவதையும் இதற்குள் கொண்டுவராதீர்கள். அது அவரவர் பாடு. யாராவது ஊருக்குப் போனால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

தென்னையில் ஏறுவது, கரண்ட் கம்பிக்குப் பக்கத்துக் கிளையை வெட்டுவது, கிணற்றுக்குள் இறங்குவது, இந்த மூன்றையும் பழக்கமில்லாதவரிடம் உதவியாகக் கேட்கவே கூடாது. தேங்காய் பறிக்க ஏறுகிறவரை ஒரே நாளில் ஐந்து வீட்டுக்கும் கூப்பிட்டுக் காசு கொடுங்கள். ஒரு வீட்டு நான்கு மரத்துக்கு வரமாட்டேன் என்றவர் இருபது மரத்துக்கு வருவார். கம்பிக்குப் பக்கத்துக் கிளைக்கு மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கிணறு இறைக்கும்போது எண்ணெயில் ஓடும் பம்ப்பை உள்ளே இறக்கி ஓடவிடாதீர்கள். அதன் புகைக்கு மணம் குறைவாக இருந்தாலும் உள்ளே நிற்பவரை மயக்கிக் கொன்றுவிடும்.

மரம் தறிப்பதென்றால் இன்னொன்று. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள், பிறகு ஆள் கூட்டுங்கள்.

காலத்தைப் பார்த்து வேலையைப் போடுதல்

எங்கள் பக்கத்து மழை ஐப்பசியில் பிடித்துத் தை வரை போகும். மற்ற மாதங்களில் வருவது கொசுறு. வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் என்ற வறண்ட மேல்காற்று. (கடலையும் கச்சான், காற்றும் கச்சான். ஒன்று வாயில் போட, மற்றது வாயை உலர்த்த.) ஆகவே வருடத்தின் வேலையெல்லாம் புரட்டாதியை நோக்கியே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் கூட்டெருக் குவியலைப் போட்டால் மூன்று மாதத்தில், ஐப்பசி நடுகைக்குச் சரியாகக் கிடைக்கும். ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் அடியில் நிற்கும், இறைக்க வசதி. புரட்டாதியில் குழி, கதியால், வடிகால் மூன்றும். ஐப்பசியில் முதல் இரண்டு மழை விழுந்ததும் நடுகை. கார்த்திகை, மார்கழியில் பெரிய வேலை எதையும் வைக்காதீர்கள். விழுந்த கிளையை அகற்றுவதும் வெள்ளம் வடியும் வழியைப் பார்ப்பதும் போதும். மாரி வெள்ளாமை வெட்டி முடிந்ததும் வயல் பக்கம் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும். லேண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஒன்றைப் பிடித்து ஒரு பெட்டி கொண்டுவந்து ஐந்தாகப் பிரித்து மரத்தடிகளுக்கு மூடாக்குப் போட்டால், கச்சான் காலத்தில் ஊற்றும் தண்ணீர் நின்று பிடிக்கும்.

இடையில் திருநாட்களும் உண்டு. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் உற்சவம் 18 நாள், தீமிதிப்போடு முடியும். அது விழுவதும் இதே வேலை குவியும் புரட்டாதியில்தான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. காக்கா வீட்டுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ, நோன்பு மாதம் வந்தால் பகலில் கடின வேலை வேண்டாம். இதையெல்லாம் கலண்டரில் முதலே கோடு போட்டு வைத்தால் ஒருவரும் மனம் நோக மாட்டார்கள். கோயில் கொடியேறிய பிறகு "இந்தச் சனிக்கிழமையா?" என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

வயலில் தண்ணீர் முறையைப் பார்க்க வட்டவிதானை இருப்பது போல, ஒழுங்கைக்கும் ஒருவர் வேண்டும். நாள் குறிப்பதும் நினைவூட்டுவதும் அவர் வேலை. ஒரு வருடத்துக்கு ஒருவர். அதற்குமேல் வைத்தால் அவர் அதிகாரி ஆகிவிடுவார்.

முதல் நாள் மாலை

என் அனுபவத்தில், அடுத்த நாள் வேலை உருப்படுமா இல்லையா என்பது முதல் நாள் மாலையிலேயே தெரிந்துவிடும். வளவுக்காரர் செய்து வைக்க வேண்டியவை இவை.

தொடக்கூடாத செடிகளில் சிவப்புத் துணி கட்டுங்கள். பழைய சாரத்தையோ பாவாடையையோ கிழித்தால் போதும். துணி கட்டியதில் கை வைக்கக் கூடாது, கட்டாததைக் கேட்காமலே வெட்டலாம். தூதுவளைக்குப் பிறகு வந்த சட்டம் இது.

ஆயுதங்களைப் பாருங்கள். மண்வெட்டிப் பிடி ஆடினால் அன்றிரவே இறுக்கி, தண்ணீரில் ஊற வையுங்கள். பிடி ஊதி இறுகும். கத்தியைத் தீட்டுங்கள். ஆறு பேர் வந்து நிற்க, ஒருவர் பிடி இறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய எரிச்சல்.

பொச்சுக் (தேங்காய் மட்டைக்) குவியல், கிடுகுக் கட்டு, ஓட்டுக் குவியல் எதையும் கையால் தூக்குவதற்கு முன் நீளத் தடியால் தட்டிப் புரட்டுங்கள். புடையன் பாம்பு கிடப்பது அங்கேதான். யாரையாவது கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

குழி வெட்டுவதாக இருந்தால் வெட்டும் இடத்தில் மாலையே நான்கு வாளி தண்ணீர் ஊற்றி விடுங்கள். காய்ந்த மணலில் வெட்ட வெட்டச் சரியும். ஈர மணல் சுவர் போல நிற்கும்.

தென்னம்பிள்ளை வைத்தல்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஐந்து வீட்டிலும் அதிகம் கேட்கப்படும் வேலை இது. கைமாற்று எப்படி ஓடுகிறது என்பதும் இதில் நன்றாகத் தெரியும்.

முதலில் இடம். இன்னொரு தென்னையிலிருந்து 26 அடி தள்ளி. எல்லையிலிருந்து பத்து அடியாவது உள்ளே. பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்து இடம் பிடியுங்கள், உங்கள் கூரையை மட்டும் பார்க்காதீர்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியில் இந்தக் கரையோரத் தென்னைகள் விழுந்து கிடந்ததைக் கண்டவர்கள் எங்கள் ஒழுங்கையில் இன்னும் இருக்கிறார்கள். பெத்தா கயிறு பிடித்து அளந்த பிறகும் மேலே அண்ணாந்து பார்த்து, "விழுந்தா எங்க விழும்?" என்று கேட்பார். பதில் சொன்ன பிறகுதான் மண்வெட்டி எடுக்கலாம்.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மூன்று பேர் போதும். ஒருவர் வெட்ட, ஒருவர் தாச்சியில் அள்ள, ஒருவர் பொச்சும் எருவும் கொண்டுவர. நான்காவது ஆள் வந்தால் அவர் கதை சொல்லத்தான் வருகிறார், அவரையும் வரவிடுங்கள். மேல் ஒரு அடி மண் கறுப்பாக இருக்கும். அதைத் தனியாக ஒரு பக்கம் குவியுங்கள். கீழிருந்து வரும் வெள்ளை மணலை மறுபக்கம். இரண்டையும் கலந்துவிட்டால் வேலை பாதி வீண்.

பொச்சு மட்டைகளை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊற வைத்திருக்க வேண்டும். குழியின் அடியில் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி, ஒன்றோடொன்று நெருக்கி ஒரு வரிசை அடுக்குங்கள். அதன்மேல் கொஞ்சம் மண். மறுபடி ஒரு வரிசை. காக்கா அடுக்குவதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மட்டையையும் கையில் ஏந்தி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒழுகவில்லை என்று கண்டபிறகு கிண்ணம் வைப்பது போல வைப்பார். மணல் தண்ணீரை வைத்திருக்காது, பொச்சு வைத்திருக்கும். கச்சான் காலத்தில் பிள்ளை பிழைப்பது அந்தக் கிண்ணங்களில்தான்.

பிறகு கறுப்பு மண்ணோடு நன்றாக மக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்புங்கள். பச்சை எரு போட்டால் சூடு பிடித்து வேர் கெடும். இந்த அளவில் குழியை விட்டு, மழை வரும்வரை காத்திருக்கலாம். நடும்போது தேங்காய் மண்ணுக்குள் மறைய வேண்டும், ஓலை புறப்படும் கழுத்து மறையக் கூடாது. மணல் மேட்டு வளவென்றால் நிலமட்டத்திலிருந்து ஒரு அடி தாழ நடலாம். மாரியில் வெள்ளம் நிற்கும் வளவென்றால் தாழ்த்த வேண்டாம். கடைசியாக நான்கு கம்பு நட்டுச் சுற்றி அடையுங்கள். ஒழுங்கையில் திரியும் மாட்டுக்கு நம் கைமாற்றுக் கணக்கு தெரியாது.

மூன்று பேர் ஒரு காலையில் இரண்டு குழி முடிக்கலாம். மூன்றாவதைத் தொடங்காதீர்கள்.

வேலியும் வடிகாலும்

கதியாலுக்குக் கிளிரிசீடியா, பூவரசு, முள்முருக்கை எது கிடைத்தாலும் சரி. மணிக்கட்டுப் பருமன், ஆறடி நீளம். அடியைச் சாய்வாக வெட்டி, ஒன்றரை அடி இறக்க வேண்டும். அலவாங்கால் ஓட்டை போட்டு நடுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் தலை பிளந்து, தளிர் வராது. எல்லைக் கயிறு பிடிக்கும்போது இரண்டு பக்க வீட்டுக்காரரும் கட்டாயம் நிற்க வேண்டும். ஒருவர் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கயிறு கட்டினால், அரை அடிக்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்க நேரும்.

கிளிரிசீடியா தழைத்த பிறகு வெட்டும் இலை கூட்டெருவுக்குப் போகும். இலை, வைக்கோல், துண்டாக்கிய வாழைத்தண்டு, மாட்டெருக் கரைசல் என்று அடுக்கி, நடுவில் ஒரு நீளக் கம்பைக் குத்தி வையுங்கள். நாலாம் ஐந்தாம் நாள் கம்பை இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் குவியல் வேலை செய்கிறது. குளிர்ந்திருந்தால் ஈரம் போதாது, அல்லது எரு போதாது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். புரட்டுவதற்கு இரண்டு ஆள், அரை மணித்தியாலம்.

வடிகாலை ஒரு வீடு மட்டும் வெட்டிப் பயனில்லை. மேல் வீட்டுக்காரர் நன்றாக வெட்டினால் கீழ் வீட்டுக்காரரின் குசினிக்குள் தண்ணீர் வரும். ஆகவே கீழ் முனையிலிருந்து மேலே வெட்டிக்கொண்டு வாருங்கள், எல்லா வீடும் ஒரே நாளில். அதே நாளில் சிரட்டை, டயர், ஓட்டை இல்லாத தயிர்ச் சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு ஒரு கிழமை தேங்கிய தண்ணீர் போதும், அது எந்த வீட்டுச் சட்டியில் பெருகியது என்று பார்த்துக் கடிப்பதில்லை.

சாப்பாடு

பகல் சாப்பாடு போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் வருடம் நாங்கள் போட்டோம். ஒரு வீட்டில் மீன் என்றால் அடுத்த வீட்டில் கோழி, அதற்கடுத்த வீட்டில் கோழியும் இறாலும். வேலை செய்த ஆண்கள் பத்தரைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தார்கள், பெண்கள் இரண்டு மணி வரை அடுப்படியில் நின்றார்கள். அது உதவி இல்லை, ஒருவர் வேலையை இன்னொருவர் தலையில் ஏற்றுவது. இப்போது காலை ஆறேகாலுக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிப்பது. எட்டரைக்குப் பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச்சம்பலும். எல்லா வீட்டிலும் அதேதான், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

கணக்கு

கணக்கு வேண்டாம், மனிதருக்குள் என்ன கணக்கு என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்தான் மனதுக்குள் கணக்கு வைத்திருப்பார். கொப்பியில் எழுதுங்கள், ஆனால் மணித்தியாலத்தில் எழுதாதீர்கள், ரூபாயிலும் எழுதாதீர்கள். "ஒரு காலை" என்பதுதான் அலகு. ஆணின் ஒரு காலையும் பெண்ணின் ஒரு காலையும் ஒன்றே. அறுபது வயதுக்காரர் நிழலில் இருந்து கிடுகு பின்னினாலும் அது ஒரு காலை. பெத்தாவின் ஐம்பது நாற்றை ஒரு காலை என்று எழுதுகிறோம். ஒரு வீட்டு மாமிக்கு மண் வேலை ஏலாது, அவர் எல்லா வீட்டுச் சின்னப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார், அதுவும் ஒரு காலை.

மெஷின் தனி. புல் வெட்டும் மெஷினையோ பம்ப்பையோ யார் வளவில் ஓட்டினாலும் எண்ணெய்க் காசு அந்த வளவுக்காரருடையது. மண்வெட்டிப் பிடி முறிந்தால், யார் கையில் முறிந்தாலும், வளவுக்காரர் புதுப்பிடி போட்டுக் கொடுக்க வேண்டும்.

கிளை வெட்டுவதற்கு முன்பே விறகு யாருக்கு என்று பேசிவிடுங்கள். மரம் ஒரு வளவில், கிளை மறு வளவில், வெட்டினவர் மூன்றாவது ஆள். வெட்டி முடித்தபிறகு பேசினால் மூன்று பேருக்கும் விறகு தேவைப்பட்டிருக்கும்.

வாழைக்குட்டி, கன்று மாற்றிக்கொள்ளும்போது இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளை ஈ ஒரு வீட்டில் இருந்தால் ஐந்து வீட்டுக்கும் நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். என்ன பூச்சி என்று விளங்காவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

வருகிறேன் என்று வராதவரை என்ன செய்வது? ஒருமுறை என்றால் ஒன்றும் இல்லை, யாருக்கு என்ன அவசரமோ. மூன்று முறை வராவிட்டால் அவர் வளவின் முறை கடைசிக்குப் போகும், அவ்வளவுதான். நேரில் போய்க் கேட்க வட்டவிதானை மட்டும் போகட்டும், எல்லோரும் போக வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒருவர் மூன்று முறை வரவில்லை. போய்ப் பார்த்தால் முதுகு வருத்தம், சொல்ல வெட்கம். இப்போது அவர்தான் கொப்பி எழுதுகிறார்.

எல்லாக் கணக்கும் தைப்பொங்கலோடு தீர்ந்தது. யாருக்கு எத்தனை காலை மிச்சம் என்றாலும் கோடு போட்டுப் புதுப்பக்கம் புரட்டுவோம். பொங்கல் பானை இறக்கியதும் சீட்டுக் குலுக்கி அந்த வருடத்தின் முறை வரிசையை எடுப்போம், காக்கா வீட்டுச் சின்னவள்தான் எடுப்பாள். இந்த வருடம் எங்களுக்கு விழுந்தது ஐந்தாம் சீட்டு. கிணற்றடி வேலிக்கு அதுவரை நான்கு இடத்தில் முண்டு கொடுத்து வைத்திருக்கிறேன்.